பழைய மஸில் கார்களின் குதிரைத்திறன்: எந்த முறையில் அளந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகத் திறனுள்ள பெரிய இன்ஜின் பொருத்திய அமெரிக்க மஸில் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, 1970இல் உச்சத்தில் இருந்த அவற்றின் குதிரைத்திறன் இரண்டே ஆண்டுகளில் சரிந்ததற்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளே முழுக் காரணம் என்று எழுதியிருந்தது. சரிவு நடந்தது உண்மைதான். ஆனால் அதில் கணிசமான பங்கு இன்ஜினில் நேர்ந்ததல்ல, அளக்கும் முறையில் நேர்ந்தது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

அதுவரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரங்களில் போட்டது ‘கிராஸ்’ எனப்படும் மொத்தக் குதிரைத்திறன். இன்ஜினைக் காரில் பொருத்தாமல் தனியாக, திறனை அளக்கும் கருவியான டைனமோமீட்டரில் ஏற்றி, ஏர் ஃபில்டர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் போன்ற துணைக் கருவிகளின் சுமையும் இல்லாமல், புகை தடையின்றி வெளியேறும் சோதனைக்கூடக் குழாய்களை மாட்டி, இக்னிஷன் டைமிங்கையும் அதற்கேற்ப அமைத்து எடுத்த எண் அது. 1972ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, சைலன்சர் உட்பட எல்லாம் காரில் இருப்பதுபோலவே இணைத்து அளக்கும் ‘நெட்’ எனப்படும் நிகர முறைக்கு நிறுவனங்கள் மாறின. சம்பளச் சீட்டில் மொத்தத் தொகைக்கும் பிடித்தம் போகக் கைக்கு வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

நல்ல வேளையாக, ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் இரு எண்களையும் சேர்த்தே வெளியிட்டது. அதன் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1970இல் அந்த இன்ஜினின் மொத்தத் திறன் 370. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக 1971இல் கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) 11இலிருந்து 9ஆகக் குறைத்தபோது அது 330 ஆனது. இந்த 40 மெய்யான இழப்பு. அதே 1971 இன்ஜினின் நிகரத் திறன் 275. இந்த 55 வெறும் கணக்கு மாற்றம். 1972இல் விளம்பரப்படுத்திய நிகர எண் 255. கட்டுரையாளர் 370ஐயும் 255ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் 1971ஐத் தாண்டிப் போய்விட்டார்.

பழைய எண்ணில் 20 சதவீதம் கழித்தால் புதிய எண் வந்துவிடும் என்று வாகன ஆர்வலர்கள் சிலர் சொல்வதும் சரியல்ல. எல்டி-1இல் கழிவு ஆறில் ஒரு பங்கு. அதே நிறுவனத்தின் 1971 எல்எஸ்6 இன்ஜினில் 425 என்பது 325 ஆனது, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எக்ஸாஸ்ட் அமைப்பு எவ்வளவு நெருக்குகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இன்ஜினுக்கும் கழிவு மாறும்.

பழைய எண்கள் எல்லாமே ஊதிப் பெருக்கியவை என்று முடிவு கட்டுவதும் தவறு. வேண்டுமென்றே குறைத்துச் சொன்னவையும் உண்டு. 1967 கார்வெட்டில் எல்71 இன்ஜினுக்கு 435 என்று போட்ட நிறுவனம், பந்தயத்துக்கென்றே செய்த எல்88க்கு 430 என்று போட்டது. பின்னது உண்மையில் 500க்கு மேல் தந்தது. கிரைஸ்லர் நிறுவனத்தின் 426 ஹெமி இன்ஜினுக்குச் சொன்ன 425 என்பது 5,000 ஆர்பிஎம்மில் கிடைத்த அளவு. அந்த இன்ஜின் அதற்கு மேலும் சுழன்று கூடுதல் திறன் தரக்கூடியது. அதிகத் திறன் கொண்ட கார்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் கேட்டதும், நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் டிராக் (drag) பந்தயங்களில் காரின் எடையையும் விளம்பரக் குதிரைத்திறனையும் வைத்துப் பிரிவுகளை ஒதுக்கியதும், எண்ணை அடக்கி வாசிப்பதை லாபமாக்கின. ஃபோர்டு 1968இல் 428 கோப்ரா ஜெட் இன்ஜினுக்கு வெறும் 335 என்று அறிவித்தபோது அதை நம்பியவர்கள் குறைவு.

எனவே, இத்தகைய கட்டுரைகளோடு அட்டவணை வெளியிடும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் ஆண்டையும், அது மொத்தத் திறனா நிகரத் திறனா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய காரையும் இன்றைய காரையும் ஒப்பிடும் அட்டவணை என்றால் இன்னும் ஒரு குறிப்பு தேவைப்படும்: 2005 வாக்கில் நிகர முறையின் விதிகளே மேலும் இறுக்கப்பட்டு, டொயோட்டா கேம்ரியின் வி6 இன்ஜின் 210இலிருந்து 190க்கு இறங்கியது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்