குருநகர் யூட்டுக்கு, செல்ஹர்ஸ்ட் பக்கத்தில் இருந்து

தோர்ன்டன் ஹீத், லண்டன்
30 ஆகஸ்ட் 2025

அன்பின் யூட்,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. யாகப்பர் திருவிழா முடிந்த கையோடு எழுதியிருக்கிறாய், வந்து சேர ஒரு மாதம் பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரவு பகலாகக் கதைக்கிற இரண்டு பேர் இன்னும் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். திருவிழாவுக்கு மறுநாள் பழைய ஆட்களும் பெடியன்களும் கடற்கரையில் பந்தடியில் மோதிய கதையும், நீ பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி வெளியே வந்து குந்தியதும் வாட்ஸ்அப்பில் இப்படி வந்திருக்குமா? ஐம்பத்து மூன்று வயதில் பத்து நிமிடமே பெரிசு மச்சான்.

அப்புறம் அந்தக் குற்றச்சாட்டு. எங்கள் தென் லண்டன் காற்பந்துக் கழகம் கிறிஸ்டல் பலஸ் கப் அடித்து இரண்டு மாதமாகியும் நான் உன்னிடம் வாயே திறக்கவில்லை, எனக்கு வயது போய்விட்டதா என்று கேட்டிருந்தாய்.

உண்மையைச் சொல்கிறேன். மே 17, கிண்ணம் அடித்த இரவு, உனக்கு ஒரு செய்தி தட்டத் தொடங்கினேன். 2016ஐ நீ மறந்திருக்க மாட்டாய். இதே வெம்பிளி, இதே எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம், எதிரே உன் மான்செஸ்டர் யுனைடெட். 78ஆம் நிமிடம் பன்ச்சன் கோல் போட, எங்கள் பயிற்சியாளர் பார்டியூ கோட்டுக்கு வெளியே நின்று ஒரு ஆட்டம் ஆடினார். அவர் ஆடி மூன்று நிமிடத்தில் மாட்டா சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் சிவப்பு அட்டை வாங்கி நீங்கள் பத்துப் பேரான பிறகும் லிங்கார்ட் அடித்து முடித்துவிட்டார். நான் வெம்பிளிப் படி இறங்கி முடியவில்லை, குருநகரில் இருந்து போன். “பத்துப் பேரோடையே உங்களை அடிச்சிட்டாங்களடா!” அந்தக் கடனை வட்டியோடு திருப்பத்தான் தட்டினேன். ஆனால் உன் ஆட்கள் லீக்கில் பதினாறாம் இடத்தில் கிடந்தார்கள். நாலு நாள் கழித்து பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் ரொட்டன்ஹாமிடமும் தோற்றார்கள். இந்தப் புதன்கிழமை கிரிம்ஸ்பி. நாலாம் பிரிவுக் கழகத்திடம் பெனால்டியில் 12க்கு 11! உன் முகத்தை நினைத்தேன். தட்டினதையெல்லாம் அழித்துவிட்டேன். உனக்குத் தோற்றுப் பழக்கமில்லை, பாவம். எங்களைக் கேட்டிருந்தால் எப்படித் தோற்பது என்று சொல்லித் தந்திருப்போம்.

1998இல் இங்கே வந்து இறங்கியபோது பலஸ் யார் என்றே எனக்குத் தெரியாது. லண்டன் வீதியில் நம்மவர் கடைக்கு மேலே ஒரு அறை. சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியாக ஒரு இரைச்சல் வரும். பெரிய கோயில் திருவிழா தூரத்தில் நடப்பதுபோல. இரவு பெற்றோல் செட்டில் வேலை. சனி காலையில் பேப்பரும் பாலும் வாங்க வருகிற ஒரு வெள்ளைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர், ஒருநாள் கையில் ஒரு ரிக்கெற்றைத் தந்தார். கூட வருகிறவனுக்குச் சுகமில்லையாம். பலஸின் செல்ஹர்ஸ்ட் மைதானத்துக்குப் போனேன். ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் சூப்பர் மார்க்கெட். நாங்கள் இருந்த ஆர்தர் வெயிட் அரங்குப் பக்கத்திலே மரக் கதிரை, கண்ணுக்கு நேரே ஒரு இரும்புத் தூண். பந்து தூணுக்குப் பின்னால் போனால் கிழவர் இடது பக்கம் சாய்வார், நான் வலது பக்கம் சாய்வேன். அன்றைக்கும் தோல்விதான். அடுத்த ஆட்டத்துக்கும் வருகிறாயா என்று கேட்டார். இருபத்தாறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்ன பழைய கதைகளை வைத்தே ஒரு புத்தகம் போடலாம். லிவர்பூலிடம் 9–0 என்று வாங்கிய அதே பருவத்திலேயே, 1990 எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் அவர்களை 4–3 என்று அடித்தது. பிறகு இறுதியாட்டத்தில் யுனைடெட்டோடு 3–3, மறு ஆட்டத்தில் 0–1. அங்கேயும் நீங்கள்தான்!

ஆனால் உனக்கு எழுத நினைத்தது 2010 பற்றி. கிண்ணத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. மகனுக்கு அப்போது ஆறு வயது, அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

அந்த வருடம் யனவரியில் கழகம் வங்குரோத்து. நிர்வாகம் கணக்காளர் கைக்குப் போனது, லீக் பத்துப் புள்ளியை வெட்டியது, எங்களிடம் இருந்த நல்ல பெடியன் விக்டர் மோசஸை விகனுக்கு விற்றார்கள். மேல் பாதியில் நின்ற அணி அடித்தளத்துக்கு வந்துவிட்டது. கடைசி நாள், மே 2, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். எதிரே ஷெஃபீல்ட் வெட்னஸ்டே. அவர்கள் வென்றால் நாங்கள் மூன்றாம் பிரிவுக்கு, சமப்பட்டால் அவர்கள். கிழவரும் நானும் விடிய நாலு மணிக்கு, இரவு வேலைச் சட்டையோடே, அவருடைய காரில் வெளிக்கிட்டோம். அலன் லீ ஒன்று, அம்ப்ரோஸ் ஒன்று. 87ஆம் நிமிடம் அவர்கள் 2–2 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்த சில நிமிடங்களில் நான் மாதாவுக்கு வைத்த நேர்த்தி எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. (வேளாங்கண்ணிக்கு வைத்தது இன்னும் பாக்கி.) சமநிலையோடு முடிந்தது. தப்பினோம்.

தப்பியும் கதை முடியவில்லை. மைதானம் வேறொரு கம்பனியின் பேரில், அதுவும் வங்குரோத்து, அதற்குக் கடன் கொடுத்திருந்தது ஒரு வங்கி. வாங்க வந்த நாலு பேரும் பலஸ் ரசிகர்கள், ஸ்டீவ் பரிஷ் அவர்களில் ஒருவர். மைதானம் இல்லாமல் கழகத்தை எடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். யூன் 1, வங்கித் தலைமையகத்துக்கு முன்னால் கூட்டம். நானும் வேலைக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போய் நின்றேன். கோட்டுச் சூட்டுப் போட்டவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்களை விலத்திக்கொண்டு போனார்கள். ஊரில் அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்ற ஞாபகம் வந்தது. அன்றைக்கே உடன்பாடு வந்துவிட்டது. கிழவர் என் கையைப் பிடித்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த பருவமும் அதே தூணுக்குப் பின்னால் இருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று வருடத்தில் மேலே முதல் பிரிவுக்கு ஏறினோம், அதற்குப் பிறகு இறங்கவில்லை. 2017இல் முதல் ஏழு ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. நீ அனுப்பிய முட்டைப் படம் இன்னும் போனில் இருக்கிறது. போன பருவமும் அப்படித்தான் தொடங்கியது, முதல் எட்டு லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றியும் இல்லை. பயிற்சியாளர், ஆஸ்திரியாக்காரர் கிளாஸ்னரை அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

சரி, மே 17. எதிரே மான்செஸ்டர் சிட்டி. மகன், நான், கிழவர், மூன்று பேரும் வரிசையாக. ஆட்டம் தொடங்குமுன் எங்கள் பக்கத்தில் ஒரு பிரமாண்டமான படத்தை விரித்தார்கள். ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக் கத்துகிற காட்சி. 2011இல் உங்கள் ஓல்ட் ட்ராஃபோர்டில் அம்ப்ரோஸ் அடித்த கோலுக்கு எடுத்த உண்மைப் படமாம். அந்தத் தகப்பன் இப்போது உயிரோடு இல்லையாம். மகன் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவன் பக்கம் திரும்பவில்லை.

16ஆம் நிமிடம். வலது பக்கத்தால் முன்யோஸ் ஓடிவந்து கொடுத்த பந்தை எசே நிலத்தில் விழ விடாமலே திருப்பினான். அவ்வளவுதான் எங்கள் ஆட்டம். மிச்ச நேரம் முழுக்கப் பந்து மான்செஸ்டர் சிட்டியிடம். மர்மூஷ் அடித்த பெனால்டியை எங்கள் கோல் காப்பாளர் ஹென்டர்சன் தடுத்தார். அதற்கு முன்னரே அவர் பெனால்டிப் பெட்டிக்கு வெளியே கையால் தட்டிவிட்டார், சிவப்பு அட்டை கொடுத்திருக்க வேண்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன், மகனுக்கு முன்னால் சொல்லமாட்டேன். கடைசியில் பத்து நிமிடம் கூட்டித் தந்தார்கள். பத்து!

கிழவர் எப்போதும் இடைவேளைக்கு முட்டை சான்விச் சாப்பிடுவார், வெள்ளித் தாளில் சுற்றி. அன்றைக்கு இடைவேளையில் அதைத் தொடவில்லை. விசில் ஊதியபோது எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், முன்வரிசையில் இருந்த ஒருவர் என் கண்ணாடியைத் தட்டிவிட்டார். கிழவர் எழும்பவே இல்லை. எனக்குப் பயம் வந்து குனிந்து பார்த்தேன். வெள்ளித் தாளை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பாதியை என்னிடம் நீட்டினார். 1905இல் தொடங்கிய கழகத்துக்கு முதல் பெரிய கிண்ணம் தூக்குகிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் காய்ந்த முட்டை சான்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பிறகு கேட்டார், இனி நாங்கள் எதைப் பற்றிப் புறுபுறுக்கிறது என்று.

அதற்கு ஒரு குறையும் வரவில்லை. பங்குக்காரர் ஒருவருக்குப் பிரெஞ்சுக் கழகமான லியோனிலும் பங்கு இருந்ததாம், அதனால் யூரோப்பா லீக்கில் இருந்து எங்களைக் கீழே கான்ஃபரன்ஸ் லீக்குக்குத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடும் தோல்வி. இடையில் லிவர்பூலைப் பெனால்டியில் வென்று கொம்யூனிட்டி ஷீல்ட் கேடயமும் எடுத்தோம். போன சனி எசே ஆர்சனலுக்குப் போய்விட்டான். பதின்மூன்று வயதில் அவனை வேண்டாம் என்று விட்ட கழகம் அது. கோபிக்க மனம் வரவில்லை. முந்தநாள் நோர்வேயில் ஃப்ரெட்ரிக்ஸ்டாடைத் தாண்டிவிட்டோம், இனி டினமோ கீவ், ஸ்ட்ராஸ்பர்க் என்று பெரிய பெரிய பெயர்கள். கிழவர் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார், எண்பத்திரண்டு வயதில்.

மார்கழியில் வருகிறேன், மகனும் வருவான். உன் பெடியனுக்குப் பூட்ஸ் வாங்கி வைக்க வேண்டும். அளவு எழுதினாயே, அது இங்கத்தைய அளவா அங்கத்தைய அளவா என்று விளங்கவில்லை. தாளில் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு கீறி அனுப்பு, காணும். சேர்ட்டும் கொண்டுவருவேன், சிவப்பு நீலக் கோடு போட்டதுதான் வரும். யுனைடெட் சேர்ட் வேண்டுமென்றால் கிரிம்ஸ்பியில் மலிவாகக் கிடைக்குமாம்.

அன்புடன்,
அன்ரன்