விசில் அடிக்காம காத்திருந்த கண்டக்டர் அண்ணாவுக்கு

நேத்து என் பையன் யார் கையையும் புடிக்காம மாடிப்படி ஏறிட்டான். அழுது முடிச்சிட்டு இத எழுத உக்காந்திருக்கேன்.

நடந்தது இதுதான். அவனுக்கு இடுப்புக்குள்ள சதையில ரத்தம் கட்டி தொடை நரம்ப அமுக்கிருச்சு, ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியா உறையாத நோய் இருக்குற வீட்ல எப்பவும் பயந்துட்டு இருக்கிறது இதுக்குத்தான். ராத்திரியோட ராத்திரியா ரத்தம் உறைய உதவுற ஃபேக்டர் 8 ஊசி போட்ட ஜி.ஹெச் டாக்டர்கள், "ஸ்கேன் அப்புறம், ஃபேக்டர் முதல்ல"னு சத்தம் போட்ட நர்ஸ் அக்கா, அவன் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாத்தின ஹெட்மாஸ்டர் சார், மாத்தி மாத்தி சோறு கொண்டாந்த பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன்.

ஆனா இந்த மடல் முக்கியமா ஆத்தூர் – சேலம் பஸ் கண்டக்டர் அண்ணாவுக்கு.

ரத்தம் நின்னதுக்கப்புறமும் தொடை மரத்தே கிடந்துச்சு, முட்டிய நீட்டுற சதைக்கு பலமே இல்ல, படியில கால வச்சா முட்டி பொசுக்குனு மடங்கிரும். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குலதான் வளரும், அவசரப்படாதீங்கம்மானு பிசியோ சார் சொல்லிட்டார். அதனால பிசியோவுக்கு வாழப்பாடியில இருந்து வாரம் மூணு நாள் பஸ்ஸு. மொத நாளே அவன் படியில தடுமாறினத பாத்தீங்க, என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல, கீழ இறங்கி வந்து தோள குடுத்தீங்க, அவன் சீட்ல உக்காந்து கால நீட்டி வைக்கிற வரைக்கும் விசில் அடிக்கல. பின்னாடி ஒருத்தர் நேரமாச்சுன்னு கத்தினப்ப கூட அடிக்கல.

ஒரு நாள் நீங்க லீவு. வேற கண்டக்டர், எனக்கு வயித்த கலக்குச்சு. அவரும் இறங்கி வந்து, "முட்டியில பட்டை போட்ட பையன் உக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்காதன்னு அண்ணன் சொல்லிருக்காரு"ன்னார். எனக்கு பேச்சே வரல.

என் தம்பிக்கும் இதே நோய். 90கள்ல எங்களுக்கெல்லாம் ஃபேக்டர் எட்டாக்கனி, அவனுக்கு மடங்கின முட்டி மடங்கினபடியே நின்னுருச்சு. பஸ் ஏற லேட்டாகுதுன்னு திட்டு வாங்கி வாங்கியே ஒரு கட்டத்துல அவன் பஸ் ஏறுறதையே விட்டுட்டான், அதோட படிப்பும் போச்சு. உங்கள பாக்குறப்பல்லாம் எனக்கு அவன் ஞாபகந்தான்.

வர்ற ஏப்ரல் 17 ஹீமோபிலியா தினத்துக்கு எங்க ஊர் ஸ்கூல்ல நானே போய் பேசப்போறேன், இந்தப் புள்ளைங்களுக்கு அடிவயித்துல வலி வந்து கால நீட்ட முடியலன்னா, தொடை மரத்துச்சுன்னா, ஒரு மணி நேரம் கூட தள்ளிப் போடாதீங்கன்னு. இது நான் என் தம்பிக்கு பட்ட கடன்.

அண்ணா, போன வெள்ளிக்கிழமை அவன் தானா ஏறினப்ப நீங்க படிக்குப் பக்கத்துல கைய மட்டும் நீட்டிட்டு தொடாம நின்னீங்க. உங்க பேரு கூட நான் கேட்டுக்கல. ஆத்தூர் டிப்போகாரங்க யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு அவர்கிட்ட காட்டிருங்க.