குழி மூடுவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணுவுக்கு,

போல் பார்ன் முறையில், அதாவது தூண்களை மண்ணில் நட்டுத் தகரம் போர்த்தி, கேரேஜ் கட்ட நீ அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, அப்பாவும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தோம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. எழுத்தில் இருந்தால் பில்டர்களோடு பேசும்போது நீயும் மாப்பிள்ளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். விலையை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மூன்று பேரும் ஒரே கட்டடத்துக்கு விலை சொல்லவில்லை. 30க்கு 40 அடி என்பது மட்டும்தான் மூன்றிலும் ஒன்று. ஒருவர் 29 கேஜ் தகர ஷீட் போட்டிருக்கிறார், இன்னொருவர் 26. ஒருவர் தரைக் கான்கிரீட்டையும் சேர்த்திருக்கிறார், ஒருவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தூணுக்கு அடியில் என்ன வைக்கப்போகிறோம் என்று எழுதியிருப்பது மூன்றாவது ஆள், அந்த உள்ளூர்க்காரர் மட்டும்தான். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மிச்சிகனின் தெற்கே ஹாவலில் நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற போல் பார்னை நாங்கள் கட்டியது 2010இல். நீ அப்போது ஒன்பதாவது. அதற்கு முந்தின வருஷம்தான் ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவாலுக்கு மனுப் போட்டிருந்தன. வீடு கட்டுகிறவர்களுக்கு வேலையே இல்லை, எல்லோரும் விலையைக் குறைத்துச் சொன்னார்கள். நாங்கள் அதில் மிகக் குறைந்ததை எடுத்தோம். நன்றாகப் பேசுகிற மனிதர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதவின் நிறம், ஷீட்டின் நிறம், ஜன்னல் எங்கே என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குழி தோண்டிய அன்று நான் ஆபீஸ் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தூண்கள் எல்லாம் நிற்கின்றன, மண்ணும் தள்ளி மூடியாகிவிட்டது. கட்டட இன்ஸ்பெக்டர் வந்து குழியைப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். இவர் மூடிவிட்டு அப்புறம் கூப்பிட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு குழியை மறுபடி தோண்டச் சொன்னார். அந்த இரண்டும் சரியாக இருந்தன. நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். இரண்டாவது வருஷம் பனி உருகியதும் பெரிய கதவு மூட மறுத்தது. வலது பக்கத்துத் தூண் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது.

சரி செய்ய வந்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர். வாழ்நாளெல்லாம் போல் பார்ன் மட்டுமே கட்டியவர். கூரையைத் தாங்குகிற முக்கோணச் சட்டமான டிரஸ்ஸுக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்தத் தூணைச் சுற்றித் தோண்டி, டார்ச் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். குழிக்கு அடியில், துளை போடுகிற ஆகர் மெஷின் உதிர்த்த பொலபொலப்பான மண் அள்ளப்படாமல் அப்படியே கிடந்தது. அதன்மேல் ஒரு வட்டக் கான்கிரீட் பில்லை, சாய்ந்து போயிருந்தது. அந்தப் பில்லையின் மேல்தான் எங்கள் கூரை நின்றிருக்கிறது.

நம் ஊரில் வீடு கட்டினால் வானம் தோண்டி, சுவர் போகிற நீளத்துக்கும் அஸ்திவாரம் போடுவார்கள். எடை வழிநெடுக இறங்கும். போல் பார்னில் தொடர் அஸ்திவாரமே கிடையாது. 1930களில் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் கையில் காசில்லாத காலத்தில், மருந்தேற்றிய மின்கம்ப மரங்களை மண்ணில் நட்டுக் கொட்டகை கட்டிப் பழகியதிலிருந்து வந்த முறை இது. அதனால்தான் சீக்கிரம் முடிகிறது, செலவும் குறைகிறது. ஆனால் கூரை எடை, பனி எடை எல்லாம் அந்தச் சில தூண்கள் வழியாக மட்டும்தான் மண்ணுக்குப் போகும். தரைக் கான்கிரீட் ஒன்றையும் தாங்குவதில்லை. அது வெறும் தரை.

ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். கட்டடம் 30 அடி அகலம், தூண்கள் 8 அடிக்கு ஒன்று. ஒரு தூண் பாதி அகலத்தைத் தாங்குகிறது: 15 பெருக்கல் 8, ஆக 120 சதுர அடிக் கூரை. பனிக்குச் சதுர அடிக்கு 60 பவுண்டு, கூரையின் சொந்த எடைக்கு 10 என்று வைத்துக்கொண்டால் ஒரு தூணில் 8,400 பவுண்டு. மண் சதுர அடிக்கு 2,000 பவுண்டு தாங்கும் என்றால் தூணுக்கு அடியில் 4.2 சதுர அடிக் கான்கிரீட் வேண்டும். அதாவது கிட்டத்தட்ட 28 அங்குல வட்டம். எங்களுக்குப் போட்ட மாதிரி 14 அங்குலப் பில்லைக்கு ஒரு சதுர அடிக்குச் சற்றே கூடுதல் பரப்புதான் உண்டு. உன் இடத்துக்கு உண்மையான பனி எடை என்ன என்று பர்மிட் கொடுக்கிற அலுவலகத்தில் கேள். கேட்ட எண்ணைப் பில்டரிடம் சொல்லி, “இந்த எடைக்குத் தூணுக்கு அடியில் என்ன அளவில் கான்கிரீட் ஃபுட்டிங் போடுவீர்கள்?” என்று கேள். கணக்கோடு பதில் சொல்கிறாரா, “எப்போதும் இப்படித்தான் போடுவோம்” என்கிறாரா என்று பார். எனக்கு ஒரு பில்டரைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

ஹாவலில் கட்டியதை வைத்து, வடக்கே நீ இருக்கிற ஹோட்டனில் எதையும் முடிவு செய்யாதே. உங்களுக்கு வருஷத்துக்கு 200 அங்குலம் பனி சாதாரணம். போன முறை வந்தபோது 41ஆம் நெடுஞ்சாலையில் நீ வண்டியை நிறுத்திக் காட்டினாயே, பனி அளக்கிற அந்த உயரக் கம்பம், 1978-79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம் என்று. அப்பா அதன் கீழே நின்ற போட்டோ இன்னும் பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. இந்த கேரேஜ் என்றால் அந்தப் போட்டோதான் எனக்கு ஞாபகம் வருகிறது. டிரஸ் வரைபடத்தில் பனி எடை எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், இன்ஜினியர் முத்திரையும் இருக்கும். அதைக் காட்டாத பில்டரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

பனியால் இன்னொன்று. தகரக் கூரையில் பனி தங்காது. திரண்டு ஒரே நேரத்தில் சரிந்து விழும். முதல் கொட்டேஷனில் பெரிய கதவும் ஆள் போகும் கதவும் கூரை சரிகிற பக்கத்தில் இருக்கின்றன. வண்டி வாசலுக்கு முன்னால் ஒரு லாரிப் பனி விழுந்து கிடக்கும், காலையில் நீ லேபுக்குக் கிளம்ப முடியாது. கதவு திறக்கும்போது யாராவது கீழே நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய கதவை முக்கோணச் சுவர்ப் பக்கம் மாற்றச் சொல். சின்னக் கதவு அங்கேயேதான் வேண்டும் என்றால் அதற்கு மேலே கூரையில் பனித் தடுப்பு வைக்கச் சொல். இத்தனை பனி பெய்கிற ஊரில் தொழில் செய்கிறவர் இதைத் தானாகவே சொல்லியிருக்க வேண்டும்.

தூண் மரம் உளுத்துப் போகிற விஷயத்தை மாப்பிள்ளை கேட்டிருந்தார். ஆழத்தில் மரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. காற்றும் ஈரமும் சேர்ந்து இருக்கிற இடத்தில்தான், மண் மட்டத்தை ஒட்டிய அந்த ஓர் அடியில்தான் அழுகும். தூணின் முனையில் ஒரு சின்ன அட்டை அடித்திருப்பார்கள். அதில் யூசி4பி என்று இருக்க வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் தூணுக்கு அதுதான் தரம். யூசி4ஏ என்றால் ஒரு படி கீழே. மரத்துக்கு ஏற்றுகிற இப்போதைய மருந்தில் செம்பு அதிகம், சாதாரண ஆணியை அரித்துவிடும். அதனால் சூடான துத்தநாகத்தில் முக்கிய ஆணியா என்று கேள். மரத்தை மண்ணிலேயே வைக்காமல், கான்கிரீட் தூணின்மேல் இரும்புப் பிடியில் நிறுத்துகிற முறையும் உண்டு. செலவு கூடும். காசு இருந்தால் நான் அதைத்தான் செய்வேன்.

ஷீட்டைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். கேஜ் எண் குறையக் குறையத் தகரம் தடிமன். கூரைக்கு 26 வாங்கிக்கொள், சுவருக்கு 29 போதும். கூரையின் உள்பக்கம் ஈரம் கோத்துச் சொட்டாமல் இருக்க அடியில் ஏதாவது தடுப்பு உண்டா என்று மட்டும் கேள்.

பாறையைப் பற்றி மூன்று பேருமே எழுதவில்லை. செம்புச் சுரங்கம் தோண்டிய பூமி உங்களுடையது. பல இடங்களில் மண் கொஞ்சம்தான், கீழே பாறை. தெற்கே எங்களுக்குக் குளிரில் மண் உறைகிற ஆழம் 42 அங்குலம் என்று தோண்டுவார்கள். உங்களிடம் என்ன ஆழம் கேட்கிறார்கள் என்பதையும் அலுவலகத்தில் விசாரி. இரண்டடியில் பாறை தட்டினால் என்ன செய்வார்கள், அதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. குழி பாதியில் நிற்கும்போது பேசுகிற விலை நியாயமாக இருக்காது. தோண்டுவதற்கு மூன்று வேலை நாள் முன்னால் 811க்குப் போன் செய்ய வேண்டும். கம்பெனிக்காரர்களின் குழாயையும் வயரையும் வந்து குறித்துவிட்டுப் போவார்கள். உங்கள் செப்டிக் தொட்டிக் குழாயைக் குறிக்க மாட்டார்கள். அதை நீங்களே கொடி நட்டுக் காட்ட வேண்டும்.

பணம் கொடுக்கிற விஷயத்தில் நான் பட்டதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அப்போது உன்னிடம் சொல்லாமல் மறைத்தோம். வேலை நடந்துகொண்டிருந்தபோது மரக்கடையிலிருந்து ஒரு தபால் வந்தது, இந்த விலாசத்துக்குச் சரக்கு கொடுத்திருக்கிறோம் என்று. எனக்குப் புரியவில்லை, டிராயரில் போட்டேன். பில்டர் எங்களிடம் வாங்கிய பணத்தை மரக்கடைக்குக் கட்டவில்லை. கடைக்காரர்கள் எங்கள் வீட்டின் மேலேயே லியன் போட்டார்கள், அதாவது பாக்கிக்காக வீட்டின் மேல் சட்டப்படி உரிமை கோரினார்கள். நாங்கள் முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் வீடு மாட்டிக்கொண்டது. எழுத்து ஒப்பந்தமும் செக் நகல்களும் இருந்ததால் கடைசியில் விடுபட்டோம். வக்கீலுக்குக் கொடுத்தது போக, ஆறு மாதம் அப்பா சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு தவணைக்கு முன்னாலும் ஸ்வார்ன் ஸ்டேட்மென்ட் கேள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பில்டர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற தாள் அது. அதில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரிடமிருந்தும் லியன் வேவர், அதாவது அந்த உரிமையை விட்டுவிட்டேன் என்கிற தாள், வாங்கு. கடைசித் தவணையில் பத்து சதவீதமாவது பிடித்து வை. முழு வேவரும் இறுதி இன்ஸ்பெக்ஷன் கையெழுத்தும் வந்த பிறகுதான் அது போக வேண்டும். நேர்மையான பில்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவருக்கு இது தினப்படி வேலை.

மிச்சிகனில் 600 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுக்கிற மாநிலத் துறையான லாராவின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. முதல் ஆளின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை, வேறு பெயரில் இருக்கலாம், அவரிடமே எண்ணைக் கேள். இன்ஷூரன்ஸ் சான்றிதழை ஏஜென்டிடமிருந்து நேராக உனக்கு அனுப்பச் சொல். வேலையாட்களுக்கான காப்பீடும் அதில் இருக்க வேண்டும். அவர்கள் கூரைமேல் ஏறி நிற்கப்போகிறார்கள்.

இப்போது என் எண்ணம். முதலாவதை விட்டுவிடு. இரண்டாவது பெரிய கம்பெனி, சொந்த ஆட்கள், எழுத்தில் உத்தரவாதம், எல்லாம் சரி. ஆனால் உன் மண்ணைப் பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர் அவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் கேட்கிறார், அடுத்த வருஷம்தான் தேதியும் தருகிறார். ஆனாலும் வந்து கம்பியால் நான்கு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுப் போனார் என்று நீயே சொன்னாய். ஒரு குளிர்காலம் வண்டி வெளியே நிற்கட்டும் கண்ணு, பரவாயில்லை. அவர் பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டியது ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டு, போய்ப் பார். புதிதாகக் கட்டியதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கதவை நீயே திறந்து மூடிப் பார். தூண் மண்ணில் இறங்குகிற இடத்தைச் சாவியால் குத்திப் பார். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: பிரச்சினை என்று கூப்பிட்டபோது வந்தாரா?

அவரையே முடிவு செய்தால், குழி தோண்டுகிற அன்று நீங்கள் யாராவது அங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. தேதி தெரிந்ததும் எனக்குப் போன் செய். மெக்கினாக் பாலம் தாண்டி ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்காவிட்டால் நான் நின்று பார்த்துக்கொள்கிறேன், டார்ச்சும் டேப்பும் என்னிடமே இருக்கின்றன. சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது என்றாயே, அதையும் அரைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா