“பதிவு இல்லை” என்று எழுதும் முன் இன்னொரு முறை தேடுங்கள்

புதுச்சேரி, காரைக்கால் நகராட்சிகளிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் பிறப்பு, இறப்புப் பதிவைக் கவனிக்கும் அலுவலர்களுக்கும் உள்ளாட்சித் துறைக்கும் வணக்கம்.

1954 நவம்பர் 1 அன்று இங்கே ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தமோ 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டு விதவைகளும் இன்றும் உங்கள் கவுண்டரில் வந்து நிற்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றோ, குடும்ப விசாவோ, கணவர் இறந்தபின் மனைவிக்குச் சேர வேண்டிய ஓய்வூதியமோ, எல்லாம் நீங்கள் தரும் ஒரு தாளில் இருந்துதான் தொடங்குகின்றன.

சிக்கல் பெயரில் ஆரம்பிக்கிறது. முருகனின் ‘மு’வுக்கு ஆங்கிலத்தில் எம், யூ போதும். பிரெஞ்சு எழுத்தர் எம், ஓ, யூ என்று எழுதி, கடைசியில் ஒலிக்காத ஒரு ‘ஈ’யும் சேர்த்திருப்பார். கனகராஜுவின் ‘ஜு’ அங்கே டி, ஜே, ஓ, யூ. ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு பழைய பதிவேட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி ‘ரெனொன்சான்’ ஆன, அதாவது தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தாத்தாவின் தந்தை தமிழ்ப் பெயரோடு பிறந்து, குடும்பப் பெயர் ஒன்றை ஏற்றுக்கொண்டு இறந்திருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று காட்டுவது அந்தத் துறப்புப் பத்திரம்தான்.

ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே ஆண்டில் மட்டும் தேடிவிட்டு “பதிவு இல்லை” என்று சான்று கொடுத்தால் பிறகு நடப்பது இதுதான். குடும்பத்தார் நடுவரிடம் ஆணை வாங்கி, 1950-இல் நடந்த பிறப்பை இப்போது புதிதாகப் பதிகிறார்கள். உள்ளூரில் அந்தப் பத்திரம் செல்லும். பிரான்சில் அதுவே வினையாகிறது. வெளிநாட்டுப் பத்திரத்தை நம்பலாம், ஆனால் வேறு ஆவணங்களோ அந்தப் பத்திரமோ அது முறையற்றது என்று காட்டினால் தள்ளலாம் என்கிறது அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. எழுபது ஆண்டு கழித்துப் பதிந்த தேதியே முதல் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு படியை பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது 1776-ஆம் ஆண்டு அரசாணை. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ள நம் ஊர்ப் பழைய பதிவேடுகளை இணையத்திலேயே புரட்டலாம். அசல் பதிவு எங்கேனும் தலைகாட்டினால், ஒரே மனிதருக்கு இரண்டு பிறப்பு என்றாகிவிடும். பிறகு உண்மையான பதிவைக் காட்டினாலும் நம்பவைப்பது பெரும்பாடு.

ஆகவே, இல்லை என்று எழுதும் முன் ஆண்டு இறுதிப் பெயர்ப் பட்டியலையும் பத்தாண்டுப் பட்டியலையும் பாருங்கள். சொன்ன ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள், குழந்தையின் பெயரில் ஒரு முறை, தந்தையின் பெயரில் ஒரு முறை, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு முறை. இதற்கு அரை நாள் ஆகலாம். ஒரு குடும்பத்தின் பல ஆண்டு அலைச்சல் அதில் மிச்சமாகும்.

அடுத்தது திருத்தம். பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதுப் பத்திரம் எழுதித் தருவது உதவி போலத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது தெளிவாக இருக்கிறது: மூலப் பதிவைத் தொடாமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலும் புதியதும் ஒரே தாளில், ஒரே பதிவு எண்ணில் இருந்தால் பிரெஞ்சு அதிகாரிக்குச் சங்கிலி அறுபடாமல் தெரியும். சுருக்கப் பகுதி போதாது. ஓரக் குறிப்புகளோடு முழு நகல் கொடுங்கள்.

இதை முதலிலேயே செய்ய வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. நகல் வாங்கியபின் அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சான்று முத்திரை), கடைசியில் அங்கீகாரம் பெற்றவரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்பதே வரிசை. அப்போஸ்தில் வாங்கியபின் ஓர் எழுத்து மாறினாலும் மூன்றும் வீண், செலவும் மறுபடி. லேமினேட் செய்த பத்திரத்தில் முத்திரையும் வைக்க முடியாது.

இன்று பிறக்கும் குழந்தைகளுக்கும் இதே கவனம் தேவை. பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால், மருத்துவமனையில் முதலாம் படிவம் நிரப்பும்போதே அவர் பெயரை பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். இனிஷியலை விரித்து எழுதுங்கள். 21 நாள் கெடுவுக்குள் பதிந்துவிட்டால் மிகவும் நல்லது.

ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது இருக்க உள்ளாட்சித் துறை ஆணையிட வேண்டும். எந்த நாள் என்பதை வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்; காரைக்காலில் இருந்து வருபவர்கள் நான்கு மணி நேரம் பேருந்தில் வருகிறார்கள்.

இப்படிக்கு,
பிரான்சுக்கான குடும்ப ஆவணங்களைத் தேடித் தருவோர்,
புதுச்சேரி.