ரீஸ்டோர் பாதியில் நின்ற ஐபோன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா ஹட்டனில் உள்ள எங்கள் கடைக்கு ஒரு ஐபோனைக் கொண்டுவந்தார். அப்டேட் போட்டபோது அப்பிள் படத்தோடு நின்றுவிட்டதாம். மகன் மூன்று இரவு லெப்டொப்பில் செருகிப் பார்த்தும் ரீஸ்டோர் (போனைத் துடைத்து மென்பொருளைப் புதிதாகப் போடுவது) ஆகவில்லை. உள்ளே உள்ள சர்க்கிட் போர்டு போய்விட்டது என்று வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். போர்டில் ஒரு குறையும் இல்லை. அன்று மாலையே போன் வேலை செய்தது.

நடந்தது இதுதான். ரீஸ்டோர் செய்ய, கம்பியூட்டர் முதலில் அப்பிள் நிறுவனத்தின் சேவரிலிருந்து பல ஜிபி அளவுள்ள மென்பொருளை இறக்க வேண்டும். அது 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் போன் தானாகவே ரிகவரி நிலையை (கம்பியூட்டர் வழியாக மென்பொருளைத் திரும்பப் போடும் நிலை) விட்டு வெளியே வந்துவிடும். மழையும் பனிமூட்டமுமாக சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் நம் லயங்களில் 15 நிமிடம் எந்த மூலைக்குக் காணும்? போன் அப்படி வெளியே வந்ததும் பிள்ளை பயந்து கேபிளைக் கழற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். அப்படிச் செய்யாதீர்கள். இறங்குவது முழுதாக முடியட்டும். இரவு டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள். அப்புறம் போனை மறுபடி ரிகவரி நிலைக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஐபோன் 8இலும் அதற்குப் பிந்தியவற்றிலும், கேபிளைச் செருகிவிட்டு, சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தி உடனே விடுங்கள். குறைக்கும் பட்டனையும் அப்படியே. பிறகு பக்கவாட்டுப் பட்டனைப் பிடித்தபடி இருங்கள். அப்பிள் படம் வந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறது. கேபிளும் கம்பியூட்டரும் உள்ள படம் வரும்வரை விடக்கூடாது.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: அப்போது கம்பியூட்டரில் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு பட்டன் வரும். முதலில் அப்டேட்டை அழுத்துங்கள். அது உங்கள் படங்களை அழிக்காமல் மென்பொருளை மட்டும் திரும்பப் போட முயலும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பேக்கப் இல்லையென்றால் இறந்துபோன தாத்தாவின் படத்தை எங்களாலும் மீட்டுத் தர முடியாது. அந்தப் பதிலைச் சொல்லும்போது எங்களுக்கும் மனம் கனக்கிறது.

எரர் 9, 4013, 4014 என்று வந்தால் இடையில் தொடர்பு அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல கேபிளை லெப்டொப்பிலேயே நேராகச் செருகுங்கள், கேபிள் செருகும் வேறு துளை, வேறு கம்பியூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான், அதுவும் விழுந்த அல்லது நனைந்த போன் என்றால், உள்ளே பழுது இருக்கலாம். 3194 என்றால் அப்பிள் சேவரோடு பேச முடியவில்லை. கம்பியூட்டரில் இந்த வேலையைச் செய்யும் ஐடியூன்ஸ் மென்பொருளை அப்டேட் செய்து, வேறு இணைப்பில் முயலுங்கள். கரண்ட் போய்வரும் நாளில் தொடங்கவே வேண்டாம்.

கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ அண்ணன் அனுப்பிய போன் என்றால், ரீஸ்டோருக்கு முன் அவரிடம் அப்பிள் ஐடியும் (இப்போது அப்பிள் அக்கவுண்ட் என்கிறார்கள்) பாஸ்வேர்டும் கேட்டு வையுங்கள். தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியைப் போட்டிருந்தால், துடைத்த பிறகு அவை இல்லாமல் போன் திறக்காமல் போகலாம்.

கடைக்கு வரும்போது நீங்கள் பாவித்த கேபிளையும் எடுத்து வாருங்கள். திரையில் வந்த எரர் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்தால் நல்லது. பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
கடையில் உள்ளோர்
ஹட்டன்