கோர்ட்டுக்கு வருமுன் செந்திலுக்கு

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் நீ பேசியதில் பாதி கோபம், பாதி பயம். உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் நீ அனுப்பிய சம்மன் போட்டோவையும் உன் சிநேகிதன் எடுத்த வீடியோவையும் நிதானமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அவரிடம் நீயே பேசிக்கொள்.

"பெட்டி கேஸ்தானேம்மா, சின்னக் கேஸ்தான், ஃபைனைக் கட்டிட்டுப் போயிடறேன்" என்றாய். அடுத்த மூச்சில், "அவங்க கேஸை விட்டா நானும் கம்ப்ளெயின்ட் குடுக்கல" என்றாய். இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டது ஒன்று. ஸ்டேஷனில் உன் கன்னத்தில் அறைந்தது வேறொன்று. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கப் பார்க்காதே. அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

முதலில் உன் பக்கத்தைப் பார்ப்போம். சம்மனில் 75-வது பிரிவு என்று இருக்கிறது. 1888-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் காவல் சட்டம். பொது இடத்தில் குடிபோதையில் இருப்பது, கலாட்டா செய்வது, அசிங்கமாக நடந்துகொள்வது எல்லாமே அந்த ஒரே பிரிவுக்குள் வந்துவிடும். இதே மாதிரி பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் (இபிகோ) 510 என்று ஒரு பிரிவு இருந்தது, அபராதம் வெறும் பத்து ரூபாய். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 355 ஆகி, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் 24 மணி நேரம் வரை சிறை, இல்லையென்றால் சமூக சேவை என்று மாறியிருக்கிறது. அந்தப் பிரிவுக்குக் குடித்திருந்தால் மட்டும் போதாது, அடுத்தவருக்குத் தொல்லை கொடுத்திருக்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் கைதும் செய்ய முடியாது. உனக்கு அதைப் போடவில்லை, 75 மட்டும்தான். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பார்க்காமல் கோர்ட்டுக்குள் நுழையாதே. (மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் கடையைத் திறந்து ராத்திரி 10 வரைக்கும் விற்பதும் அரசாங்கம், வாங்கிக் குடித்தவன் தள்ளாடினால் பிடிப்பதும் அரசாங்கம். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டமும் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. இதைப் பற்றி நாம் வேறொரு நாள் சண்டை போடலாம்.)

நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலம் முழுக்க இந்தப் பெட்டி கேஸ் கட்டுகளைப் பார்த்தவள். காலையில் கோர்ட் ஏட்டு கட்டோடு வந்து நிற்பார். பெயரைக் கூப்பிட்டதும் ஆள் முன்னால் வந்து கும்பிடுவார். குற்றச்சாட்டைப் படித்து முடிப்பதற்குள்ளேயே "ஒத்துக்கறேங்கய்யா" என்று சொல்லிவிடுவார்கள். கொத்து வேலைக்குப் போகிறவர், மீன்கடையைத் திறக்க வேண்டியவர், எல்லோருக்கும் அவசரம். அன்றைக்குக் கூலி போய்விடக் கூடாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. உனக்கு அந்த அவசரம் கிடையாது, லீவு போடலாம். அதனால் கேள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிவிட்டால், தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று வேண்டுமானால் சொல்லலாமே தவிர, நான் குற்றமே செய்யவில்லை என்று பிறகு அப்பீல் போக வழியில்லை.

உன்னை ஊதச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவில்லை என்றாய். வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் டாக்டர் பேச்சு, நடை, கண்பாவை எல்லாவற்றையும் பார்த்து எழுதியிருப்பார். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த சர்ட்டிபிகேட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாயில் வாடை, தள்ளாட்டம், உளறல், விரிந்த கண்பாவை இவற்றை வைத்து மட்டும் ஒருவர் குடித்திருந்தார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று 1971-ல் ஒரு வாகன விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆக, வழக்கை நடத்தினால் நீ தப்பிக்கலாம். நிரூபிக்கச் சொல்வது உன் உரிமை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டோக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்று நீயே என்னிடம் சொன்னாய். ஒத்துக்கொள்வதானால் அதை ஒத்துக்கொள். போலீஸைத் தள்ளினாய், வேலை செய்யவிடாமல் தடுத்தாய் என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால், அதற்குத் தலையை ஆட்டாதே.

இனி அந்த அறை.

"எந்த செக்‌ஷன் சார்?" என்று கேட்டதற்கு அடித்தார்கள் என்றாய். அடித்தவர் சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குச் சொல்லவிடவில்லை. விடிகிற நேரத்தில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கைது செய்கிற போலீஸ்காரர் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, 36, 48 பிரிவுகளில் இருக்கிறது. ஆக, நீ கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட தொனி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தொனிக்கு அறை கிடையாது.

ஒன்று மட்டும் என் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. "என்னை ஒரு கூலிக்காரன் மாதிரி நடத்தினாங்கம்மா" என்றாய். அப்படியென்றால் கூலிக்காரனை அடிக்கலாமா? உன்னோடு அந்த பெஞ்சில் ஒரு பெயிண்டர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு உன்னைவிட நிறைய அடி விழுந்தது என்று நீதான் சொன்னாய். அவர் பெயரைக் கேட்டாயா? உன் கழுத்தில் ஐடி கார்டு இருந்தது, உன்னை விட்டுவிட்டார்கள். அவர் எப்போது வீட்டுக்குப் போனாரோ! நீ கொடுக்கிற புகாரில் அவரைப் பற்றியும் எழுது. பெயர் தெரியாவிட்டால் நேரம், ஆள் அடையாளம், உட்கார்ந்திருந்த இடம் இவற்றையாவது எழுது. வழக்கு நடத்த வக்கீல் இலவசமாகக் கிடைப்பார், சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிட்டால் போதும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

புகாரை ஒத்திப்போடாதே. ஸ்டேஷன்களில் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்கப் போகும்போது "கேமரா ரிப்பேர்" என்ற பதில் தயாராக இருக்கும். அதனால் முதல் மனுவிலேயே, இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை உள்ள பதிவை அழிக்காமல் வைக்கவேண்டும் என்று எழுது. ஒரு பிரதி வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கு, ஒன்று கிரீன்வேஸ் ரோட்டில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு. ரெண்டையும் ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பு. ஆணையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். பதிவு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டித் தனியாகக் கேள்.

காது இன்னும் இரைகிறது என்றாயே, இன்றே நீ இருக்கும் ஊரில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. "கீழே விழுந்தேன்" என்று சொல்லிவைக்காதே. யார் அடித்தார், எப்போது என்று சொல், டாக்டர் எழுதட்டும்.

வீடியோவை உன் சிநேகிதன் உடனே நெட்டில் போடத் துடிக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவை. வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், எடுத்த போனிலேயே அது அப்படியே இருக்கட்டும். கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் அதற்கென்று ஒரு சான்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வெட்டின வீடியோவுக்கு எதிர்த் தரப்பு ஒரே கேள்வியில் முடிவு கட்டிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஒரு பெண் போலீஸ், அடித்த அந்த சப்-இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து இழுப்பது தெரிகிறது. போலீஸ்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று நீ எழுதினால் அவரையும் சேர்த்துத் திட்டுகிறாய். 2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட அப்பாவும் மகனும் செத்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னது அதே ஸ்டேஷனின் பெண் ஏட்டுதான். அந்த வாரம் முழுக்க உனக்கு நான் எதற்குத் தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று இப்போதாவது புரிந்திருக்கும்.

ஜெர்மனி வேலை கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறாய். பாஸ்போர்ட் சட்டம் பார்ப்பது ரெண்டு வருஷத்துக்குக் குறையாத தண்டனையை, இல்லாவிட்டால் நிலுவையில் இருக்கிற வழக்கை. இந்த அபராதம் அந்தக் கணக்கில் வராது. நிலுவையில் போட்டு இழுத்தால்தான் தொந்தரவு. ஆனால் விசா ஃபாரத்திலோ கம்பெனி ஃபாரத்திலோ தண்டனை உண்டா என்று கேட்டால் உள்ளதை எழுது, மறைக்காதே.

சம்மன் தேதிக்கு முதல் நாள் ராத்திரி மெயில் ரயிலில் ஏறிவிடு. காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். ஆதார், சம்மன் ஒரிஜினல், டாக்டர் சீட்டு மூன்றையும் எடுத்துவா. வக்கீலம்மா ஒருவரிடம் பேசிவைத்திருக்கிறேன், என்னோடு பழகினவர், கறாரானவர். அவருக்கு ஃபீஸ் நீதான் கொடுக்கணும். அப்பா கொடுக்க வந்தாலும் வாங்காதே.

அம்மா