குப்பைத் தொட்டி மூடியைப் பூட்டாதீர்கள்: திருகோணமலை ஹோட்டல், மண்டபம், கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதியும் ஹோட்டலும் நடத்துகிறவர்களுக்கும், நகரத்துக் கலியாண மண்டபக்காரர்களுக்கும், பேக்கரி, மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் சாப்பாட்டில் வாழ்கிற ஒருத்தி எழுதுகிறேன். எனக்கு வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அரிசி, உப்பு, தேங்காய், தேயிலை எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். மரக்கறி, பழம், பாண் மூன்றும் சந்தை மூடும் நேரத்தில் ஒதுக்கிப் போடுவதிலிருந்து வருகின்றன. தம்புள்ளயிலிருந்து லொறியில் வந்த தக்காளியில் அடிப்பெட்டியில் நசுங்கியவை, முறிந்த கரட், வெளி இலை வாடிய லீக்ஸ், தோல் கறுத்த வாழைப்பழம், பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிய பாண் ஓட்டோவில் விற்காமல் திரும்பிய பணிஸ். நசுங்கிய தக்காளியில் வைக்கும் ரசத்துக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றைய பாணை வாட்டி, சம்பலோடு சாப்பிடலாம்.

கையில் காசு இருந்தும் ஏன் இப்படி என்று வீட்டிலும் கேட்கிறார்கள். சாப்பிட ஆள் இருக்கும்போதே சாப்பாட்டைக் குப்பையாக்கித்தான் இலாபம் பார்க்க முடியும் என்ற வியாபார முறைக்கு என் காசு போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். உலகத்தில் இப்படி வாழ்கிறவர்கள் நிறையப் பேர். 1980இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் அணு எதிர்ப்பாளர்கள் சிலர் கடைகள் கழித்த மரக்கறியைச் சமைத்துத் தெருவில் பகிரத் தொடங்கினார்கள். 'குண்டு வேண்டாம், சோறு வேண்டும்' என்பதுதான் அவர்கள் சொன்னது. 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் அனுமதி இல்லாமல் சாப்பாடு கொடுத்தார்கள் என்று அவர்களைக் கைது செய்தார்கள். பசித்தவனுக்குச் சோறு கொடுத்ததற்குக் கைது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

சரி, இந்த மடலுக்கு வருகிறேன். அண்மைக் காலமாகச் சில இடங்களில் குப்பைத் தொட்டிகளுக்குப் பூட்டு வந்திருக்கிறது. ஒரு விடுதியின் பின்பக்கம், முழுப் பாணும் வெட்டாத பப்பாசியும் கிடந்த வாளிக்குள் பினாயில் ஊற்றியிருந்தார்கள். கேட்டேன். "யாராவது எடுத்துச் சாப்பிட்டு வயிற்றுக்குள் ஏதும் வந்தால் எங்கள் பெயர்தானே கெடும்" என்றார் அங்கே நின்றவர்.

அந்தப் பயத்தை நான் தள்ளிப் பேசவில்லை. எங்கள் ஊர் வெயிலில் சமைத்த சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சமைத்ததை அறைச் சூட்டில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஒன்றில் 60 பாகைக்கு மேல் சூடாக, அல்லது 5 பாகைக்குக் கீழ் குளிராக வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியே கிடந்த சோற்றில் பசில்லஸ் செரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் தேங்காய்ப்பால் விட்ட கறி, மீன், கோழி, நேரம் போன சோறு எதையும் நான் தொடுவதில்லை. தட்டில் மிஞ்சிய எச்சிலையும் தொடுவதில்லை. நான் கேட்பது யாரும் கை வைக்காத, இன்னும் கெடாத சாப்பாட்டைப் பற்றித்தான்.

அந்தச் சாப்பாடு எப்போது குப்பையாகிறது என்று கவனித்துப் பாருங்கள். இரவு பஃபே முடிந்ததும் சட்டியில் சோறு இருக்கிறது, கூடையில் பாண் இருக்கிறது, தட்டில் பழம் இருக்கிறது. மூன்றும் அந்த நிமிடம் வரை விருந்தாளிக்குக் கொடுக்கக்கூடிய சாப்பாடுதான். அப்புறம் ஒருவர் வந்து எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் கவிழ்க்கிறார். மேலே மீன் முள்ளு, கைதுடைத்த கடதாசி, பொலித்தீன். கெட்டுப்போக முதலே, கலந்ததால் குப்பையாகிறது. இரண்டு வாளி வைத்திருந்தால் இது நடக்காது.

ஏன் அவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைசி விருந்தாளி வரும்வரைக்கும் பஃபே மேசை நிறைந்து வழிய வேண்டும். கலியாணத்தில் சாப்பாடு காணாமல் போனால் ஊர் சிரிக்கும் என்று மாப்பிள்ளை வீடும் பொம்பிளை வீடும் சேர்ந்து கூட்டிச் சொல்லும். ஆள் குறைந்தால் அவ்வளவும் வாளிக்குத்தான். நிறைவாகக் காட்டுவதற்காகச் சமைத்து எறிவதை நாங்களே கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகத்தில் வீணாகப்போன உணவு 105 கோடி தொன். அதில் 60 வீதம் வீடுகளில், 28 வீதம் ஹோட்டல் போன்ற சாப்பாட்டுக் கடைகளில், மீதி 12 வீதம் சில்லறைக் கடைகளில். அதே 2022இல் எங்கள் நாட்டில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போதுமான உணவு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாங்கள் வரிசையில் நின்ற வருடம் அது. எங்கள் அம்மா அப்பாமாருக்கு அதற்கு முந்தின வரிசையும் நினைவிருக்கும், முகாம்களில் நிவாரண அரிசிக்கு நின்ற வரிசை. அப்படிப்பட்ட ஊரில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லின் சோற்றுக்கு மேல் பினாயில் ஊற்றுகிறோம்.

கொட்டிய பிறகும் அது போய்த் தொலைவதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களைப் பார்க்கிறீர்கள்தானே? சாப்பாட்டு வாசத்துக்குப் பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கி, வயிறு அடைத்துச் செத்த மான்கள் இந்த ஊரில் உண்டு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கை விழுங்கி 8 வருடத்தில் 20 யானையளவில் செத்திருக்கின்றன என்று 2022இல் செய்தி வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களை விழுங்கியது. அந்த மலைகளில் ஈரமாய் அழுகுவது பெரும்பாலும் சாப்பாடும் மரக்கறியும்தான்.

நான் எடுத்துச் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் வயதானவர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் வேர் எனக்கு விளங்குகிறது. மிச்சச் சோற்றைப் பின்வாசலில் கொடுத்து, வாங்குகிறவரைத் தலை குனிய வைத்த வழக்கம் எங்கள் சமூகத்தில் இருந்தது. அதற்குச் சாதிதான் காரணம். சம்பளம் வாங்கும் நான் விரும்பி எடுப்பதும், வேறு வழியில்லாமல் ஒருவரை எடுக்க வைப்பதும் ஒன்றாகாது. ஆகவே இதைத் தருமமாகச் செய்யாதீர்கள், பின்வாசலில் செய்யாதீர்கள். முன்பக்கத்தில் ஒரு மேசை போட்டு, விருந்தாளிக்குக் கட்டுகிற மாதிரியே பார்சல் கட்டி வையுங்கள். யார், ஏன் என்று கேட்க வேண்டாம். வருகிறவர் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அதற்கும் முதல், உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுங்கள். பல இடங்களில் சமையல்காரரோ பரிமாறுகிற தம்பியோ மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகலாம் என்றால் வேண்டுமென்றே கூடச் சமைப்பார்கள் என்று முதலாளிகள் சொல்கிறார்கள். பகல் முழுதும் அந்தச் சோற்றை வேகவைத்த மனிதர், இரவு அதைத் தன் கையால் வாளியில் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். கூடச் சமைக்கிறார்களா என்று அளந்து பார்க்க ஒரு தராசு போதும். தினமும் மிஞ்சுவதை நிறுத்து ஒரு கொப்பியில் எழுதினால் அடுத்த கிழமை எவ்வளவு குறைத்துப் போடலாம் என்றும் தெரியும். உங்கள் காசும் மிஞ்சும்.

மிஞ்சுகிற சாப்பாடு முதலில் மனிதருக்கு, பிறகு மாட்டுக்கும் பன்றிக்கும், அதற்கும் பிறகு பசளைக்கு. பண்ணைக்குக் கொடுக்கிறோம் என்கிறவர்களிடம் நான் கேட்பது இந்த வரிசையை மட்டும்தான்.

பிரான்சில் 2016இல் சட்டமே வந்தது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட சுப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை வேண்டுமென்று பழுதாக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு உடன்படிக்கை செய்து கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுக்கிறவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் 1996இலிருந்து இருக்கிறது. ஜெர்மனியில் நிலைமை வேறு. கடைத் தொட்டியில் சாப்பாடு எடுத்த இரண்டு மாணவிகளுக்குக் கிடைத்த திருட்டுத் தீர்ப்பு சரி என்று 2020இல் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமே சொன்னது. எறிந்த பிறகும் அது உடைமைதானாம். எங்களுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. பூட்டைக் கழற்றுவதற்கு எந்தச் சபையின் அனுமதியும் வேண்டாம்.

நாங்கள் எறிவதை நிறுத்தினால் நீ என்ன சாப்பிடுவாய் என்று ஒரு கடைக்காரர் கேட்டார். சந்தோசமாக அவரிடமே காசு கொடுத்து வாங்குவேன். எறிவதற்கு ஒன்றும் இல்லாத கடைக்குக் காசு கொடுக்க எனக்கு ஒரு தடையும் இல்லை.

சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாகி, வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்களும் நிலாவெளிக்கு வரத் தொடங்குவார்கள். அதற்கு முன் உங்களில் இரண்டு மூன்று பேர் சம்மதித்தால் போதும். எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று வாசலில் ஒரு மட்டையில் எழுதிப் போடுங்கள். ஆறாத சாப்பாடு என்றால் சமைத்த நேரத்தையும் எழுதுங்கள். மூடி போட்ட பாத்திரமும் தராசும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரி ஒருத்தி
திருகோணமலை